கங்கைக் கரையில் ஒரு பர்மியக் கோயில்

கல்கத்தாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை நாள் என்றால் காளிகாட், தட்சிணேசுவரம், பேலூர் மடம், மிருகக்காட்சி சாலை, விக்டோரியா மண்டபம் ஆகிய ஐந்தும் நினைவுக்கு வரும். ஊரிலிருந்து உறவினர் வந்தாலும் இவ்வைந்தையும் சுற்றிக் காட்டிவிட்டு ஹௌராவில் வண்டியேற்றி அனுப்பிவிடுகிறோம். இவ்வைந்திலும் சேராத ஓர் இடம் உண்டு. ஹூக்ளி நதியின் கரைச் சாலையை அடுத்து, ஈடன் தோட்டத்தில், ஏறக்குறைய 170 ஆண்டுகளாக ஒரு பர்மியப் பகோடா நின்றுகொண்டிருக்கிறது. கிரிக்கெட் ஆட்டத்தின் பெயரால் ஈடன் தோட்டத்தை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அத்தோட்டத்தின் உள்ளே இருக்கும் இப்பகோடாவை அறிந்த தமிழர் வீடுகள் எத்தனை என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும். அதனைக் கண்டு வந்த செய்தியையும், அதனோடு நம் தமிழ் மக்களுக்கு உள்ள தொடர்பையும் சங்க அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதலானோம்.

பகோடா என்னும் சொல்

பகோடாவுக்குப் போகிறோம் என்றதும் எம் வீட்டு இளையவன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வெங்காயம் நறுக்கும் ஓசை கேட்கவில்லையே என்பது அவன் கவலை. அவனைப் போன்ற பிள்ளைகளுக்காக இச்சொல்லைச் சிறிது விளக்குவோம்.

கீழை நாடுகளுக்கு வந்த ஐரோப்பியர் தாம் கண்ட கோயில்களைப் பெரும்பாலும் பகோடா என்றே எழுதி வைத்தனர். மாமல்லபுரத்துக் கோயில்களைக் கடலிலிருந்து கண்ட மாலுமிகள் அவ்வூரை 'ஏழு பகோடாக்கள்' என்றனர். தென்னாட்டில் வழங்கிய வராகன் நாணயத்துக்கும் அவர்கள் பகோடா என்றே பெயரிட்டனர். சென்னையில் கம்பெனியார் அச்சடித்த வராகனின் ஒரு புறத்தில் நட்சத்திரம் இருந்தமையால் அது 'நட்சத்திரப் பகோடா' எனப்பட்டது. அதன் மதிப்பு ஏறக்குறைய மூன்றரை ரூபாய். நாளடைவில் அச்சொல் பௌத்தக் கோயில்களுக்கே உரியதாகிவிட்டது. பர்மியர் தம் கோயிலைப் 'பயா' என்பர்.

லேக் கார்டன்ஸிலிருந்து வழி

இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்குக் கால அட்டவணையே பஞ்சாங்கம். ஆதலின் வழியை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் பட்ஜ் பட்ஜ் கிளைப் பாதையில் உள்ளது. அங்கே மேற்கு நோக்கிச் செல்லும் வண்டியில் ஏறினால் டாலிகஞ்ச், நியூ அலிப்பூர் ஆகிய இரண்டையும் கடந்து மாஜேர்ஹாட் வந்துவிடும். அங்கே இறங்கிச் சுற்றுப்பாதை வண்டிக்கு மாற வேண்டும். கல்கத்தாவின் சுற்று இரயில் 1984-ஆம் ஆண்டில் தொடங்கியது. துறைமுகத்தாரின் சரக்கு வண்டிகள் ஓடிய நதிக்கரைத் தண்டவாளத்திலேயே பிரயாணிகள் வண்டியும் ஓடலாயிற்று. பிரின்ஸெப் காட் ஸ்டேஷனைத் தாண்டியதும் இடப்புறம் நதி தோன்றும். மேலே 1992-ல் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலம். படகுகளும், படித்துறையில் நீராடுவோரும், தேநீர்க் கடைகளும் சன்னலருகே வந்து வந்து போகும். அடுத்த நிறுத்தம் ஈடன் கார்டன்ஸ். இறங்கிக் கரைச் சாலையைக் கடந்தால் தோட்டம்.

சுற்றுப்பாதையில் வண்டிகள் அதிகமில்லை. நேரத்தைப் பார்த்துக்கொண்டு புறப்படுதல் நலம். முதியவர்களை அழைத்துச் செல்வோர் மெட்ரோவில் எஸ்பிளனேடு சென்று, அங்கிருந்து வாடகை வண்டியில் போகலாம். கிரிக்கெட் பந்தயம் நடக்கும் நாளில் அப்பக்கமே தலைகாட்டலாகாது.

வழியில் உள்ள பிரின்ஸெப் காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெண்ணிறத் தூண்களையுடைய அம்மண்டபம் ஜேம்ஸ் பிரின்ஸெப் என்னும் ஆங்கிலேயர் நினைவாக 1840-களில் எழுந்தது. இவர் கல்கத்தா நாணயச்சாலையில் அதிகாரியாக இருந்தவர்; எவரும் படிக்க இயலாதிருந்த பிராமி எழுத்தை 1837-ல் படித்து, அசோகச் சக்கரவர்த்தியின் கல்வெட்டுக்களை உலகுக்கு உணர்த்தியவர். அக்கல்வெட்டுக்களில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என நம் தென்னாட்டார் பெயர்கள் காணப்படுகின்றன. பௌத்தம் பரவிய கதையில் தமிழர் பெயர் தொடக்கத்திலேயே இருக்கிறது என்பதை இம்மண்டபத்தைக் கடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மரத்தால் ஆகிய மண்டபம்

ஈடன் தோட்டம் 1840-ஐ ஒட்டி அமைக்கப்பட்டது. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ஆக்லண்டு பிரபுவின் சகோதரிமார் ஈடன் என்னும் குடும்பப் பெயர் உடையவர்கள். அப்பெயரே தோட்டத்துக்கு நிலைத்தது. உள்ளே நிழல் தரும் பெருமரங்களும், வளைந்து செல்லும் நீரோடையும் உள்ளன. நீரின் அருகே பகோடா நிற்கிறது. கூரைமேல் கூரையாக, மேலே செல்லச் செல்லச் சிறுத்து, ஊசி முனையாக முடியும் மரக்கட்டடம். கூரையின் ஓரங்களில் தீக்கொழுந்துகள் எழுவதுபோல் செதுக்கு வேலை. வாயிலைக் காப்பதற்குச் சிங்கமும் பூதமும் கலந்தாற்போன்ற உருவங்கள். பர்மியக் கோயில்களில் நம் துவாரபாலகர் நிற்கும் இடத்தில் இவை அமர்ந்திருக்கும்.

நுட்பமாகச் சொன்னால் இது தூபி அன்று. புத்தபிரானின் நினைவுப் பொருள்களை உள்ளடக்கிய, உள்ளே புக முடியாத திண்ணிய கட்டடமே தூபி. இதுவோ 'தசௌங்' என்று பர்மியர் கூறும் வழிபாட்டு மண்டபம். வந்தவர்கள் அமர்ந்து தியானம் செய்யவும், மலரும் விளக்கும் வைத்து வணங்கவும் ஏற்பட்டது. இங்கோ பிட்சு இல்லை, பூசை இல்லை, விளக்கு இல்லை. காதலர்களும், நிழலுக்கு வந்தவர்களும், படமெடுப்பவர்களும் சுற்றிலும் அமர்ந்திருந்தனர். ஒன்பது வயதான எம் மகள் சுற்றி வந்துவிட்டு, "அப்பா, இது கோயில்தானே? ஏன் யாரும் கும்பிடலே?" என்று கேட்டாள். அவள் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமாயின் 1852-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

ஐராவதிக் கரையிலிருந்து வந்த கதை

பர்மாவில் ஐராவதி நதியின் கரையில் ப்ரோம் என்னும் பட்டணம் உள்ளது. இப்போது பியே என்று வழங்குகிறது. அதன் அருகே ஸ்ரீக்ஷேத்திரம் என்னும் மிகப் பழைய நகரின் சிதைவுகள் உள்ளன. 2014-ல் அவை உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றன. அந்தப் ப்ரோம் நகரின் ஆளுநர் ஒருவர் இறந்தார். அவருடைய மனைவி மா கின் என்னும் அம்மையார் 1852-ல் இம்மண்டபத்தைக் கட்டுவித்தார். நம் நாட்டில் கணவன் பெயரால் சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் வைத்த கைம்பெண்கள் எத்தனையோ பேர்; அம்மரபின் மனத்தை நாம் எளிதில் அறியலாம்.

அதே 1852-ல் ஆங்கிலேயர் பர்மாவின்மீது இரண்டாம் முறை படையெடுத்தனர். இரங்கூன் ஆளுநர் இரண்டு ஆங்கிலக் கப்பல் தலைவர்களுக்கு அபராதம் விதித்தது சண்டைக்குச் சாக்காயிற்று. ஏப்ரலில் இரங்கூன் வீழ்ந்தது; அக்டோபரில் ப்ரோம் வீழ்ந்தது; டிசம்பர் 20-ல் கீழ்ப் பர்மாவாகிய பெகு நாடு கம்பெனியின் ஆட்சியோடு சேர்த்துக்கொள்ளப்பட்டதாகப் பிரகடனம் வெளியாயிற்று. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவின் விருப்பப்படி 1854-ல் மா கின் அம்மையாரின் மண்டபம் பலகை பலகையாகப் பிரிக்கப்பட்டுக் கப்பலில் கல்கத்தாவுக்கு வந்தது. 1856-ல் பர்மியத் தச்சர்களின் கையால் ஈடன் தோட்டத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது. அது தன் சொந்த ஊரில் நின்றது இரண்டே ஆண்டுகள்.

பலகை வந்தது, தச்சரும் வந்தனர், வணங்குவோர் வரவில்லை. வணங்குவோர் வாராத கோயில் தோட்டத்துக்கு அலங்காரமாயிற்று. எம் மகளுக்கு நாம் சொன்ன விடை இவ்வளவே.

ப்ரோமும் தமிழரும்

இக்கதை பர்மியருடையது அன்றோ, நமக்கென்ன என்று கேட்கலாம். ப்ரோம் என்னும் பெயரைக் கேட்டால் கண் கலங்கும் முதியவர்கள் தமிழ் வீடுகளில் இன்றும் உள்ளனர்.

பர்மாவின் முதல் இரயில் பாதை இரங்கூனிலிருந்து ப்ரோமுக்கே போடப்பட்டது. 161 மைல் நீளமுள்ள அப்பாதை 1877-ல் திறக்கப்பட்டது. அதன்பின் நெல்லும் தேக்கும் பெருகப் பெருக நம்மவரும் அங்கே பெருகினர். இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கூலிக்குப் போனவர்கள், கடை வைத்தவர்கள், நகரத்தார் பெட்டியடிகளில் கணக்கெழுதியவர்கள் எனப் பலர். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல். இரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர் இந்தியரே. 1929-ல் தொடங்கிய உலக வணிக மந்தத்தில் நெல் விலை சரிய, கடன் வாங்கிய பர்மிய உழவர் நிலத்தை இழந்தனர். 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. இதனால் பர்மியர் மனத்தில் கசப்பு வளர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1941 டிசம்பர் 23-ல் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது குண்டு வீசின. கப்பலில் இடம் கிடைத்தவர் சிலர், கிடைக்காதவர் நடந்தனர். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அடுத்த சில மாதங்களில் பர்மாவைவிட்டு வெளியேறினர் என்பர். அவர்கள் நடந்த வழிகளில் ஒன்று ப்ரோமில் தொடங்கியது. ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலைத் தொடரில் நூறு மைலுக்கு மேல் நடந்து, தௌங்கப் என்னும் கடற்கரை ஊரை அடைந்து, அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங். காலராவாலும் தாகத்தாலும் வழியில் மாண்டவர் பல்லாயிரவர். சிட்டகாங்கிலிருந்து சாந்த்பூர் வரை இரயில், சாந்த்பூரிலிருந்து கோவாலந்தோ வரை ஸ்டீமர், கோவாலந்தோவிலிருந்து மீண்டும் இரயில். அவ்வண்டி வந்து நின்ற இடம் நம் ஸியால்டா ஸ்டேஷன்.

அப்பத்தா சொன்னது

இம்முறை எம்மோடு வந்தவர்களில் எம் மனைவியின் அப்பத்தாவும் ஒருவர். வயது தொண்ணூற்றொன்று. சிவகங்கைப் பக்கத்திலிருந்து சில மாதம் எம்மோடு தங்க வந்திருந்தார்கள். அவர்களுடைய தந்தையார் ப்ரோமில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். 1942-ன் தொடக்கத்தில் குடும்பம் நடந்தபோது அப்பத்தாவுக்கு வயது எட்டு. தாயின் இடுப்பில் இரண்டு மாதக் கைக்குழந்தை. மலைப்பாதையில் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அக்குழந்தை இறந்தது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பாதையோரத்தில் கையால் குழி பறித்து வைத்துவிட்டு மேலே நடந்தனர். அவ்விடத்தில் விளக்கு வைக்க எண்ணெயும் இல்லை, நிற்க நேரமும் இல்லை. இதை அப்பத்தாவின் தாயார் தம் கடைசி நாள் வரை சொல்லிச் சொல்லி ஆற்றாமல் போனார்களாம்.

இக்கோயில் ப்ரோமிலிருந்து வந்தது என்று நாம் சொன்னதும் அப்பத்தா நெடுநேரம் பேசவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார்கள். அதில் ஓர் அகல், திரி, ஒரு சீசாவில் எண்ணெய். வீட்டிலிருந்து எவருக்கும் சொல்லாமல் கொண்டு வந்திருக்கிறார்கள்.

"மாப்பிள்ளை, இங்கே வெளக்கேத்த விடுவாங்களா?" என்றார்கள்.

நூற்றெழுபது ஆண்டு மரத்தின் அருகே தீ வைக்கலாகாது என்பது காவலருக்கு மட்டுமல்ல, நமக்கும் தெரியும். அதை மெல்ல எடுத்துச் சொன்னோம். அப்பத்தா வற்புறுத்தவில்லை. எம் மனைவி தன் கூந்தலில் இருந்த மல்லிகையை எடுத்துக் கொடுத்தாள். அப்பத்தா அதை வாங்கிப் படியின் ஓரத்தில் வைத்துக் கை குவித்தார்கள். அகல் மீண்டும் பொட்டலத்துக்குள் போயிற்று.

"மரம் அந்த ஊரு மரந்தான். ஆனா இங்கே ஆள் இல்லையே" என்று மட்டும் சொன்னார்கள்.

வேற்றூரார் கட்டிய கோயில்கள்

அப்பத்தா சொன்ன அவ்வார்த்தை எம்மைப் பல நாள் சிந்திக்க வைத்தது. வேற்றூரில் எழுந்த கோயில் எதனால் வாழ்கிறது, எதனால் மாய்கிறது? நம்மைப் போன்று பிழைக்க வந்த இடத்தில் சங்கம் வைத்துக்கொண்டு வாழ்வோருக்கு இது வெறும் கேள்வி அன்று.

இதே நதியின் மறுகரையில், ஹௌராவைச் சேர்ந்த குசுரியில், போட் பாகான் என்னும் திபெத்திய மடம் உள்ளது. 1770-களில் திபெத்தின் பஞ்சன் லாமா, தம் நாட்டு யாத்திரிகரும் வணிகரும் கங்கைக் கரையில் தங்கி வழிபட ஓர் இடம் வேண்டும் என்று வாரன் ஹேஸ்டிங்ஸைக் கேட்டார். நிலம் கிடைத்தது. பூரண்கிரி கோசாயி என்னும் சந்நியாசி முன்னின்று மடத்தை நடத்தினார். திபெத்தோடு போக்குவரத்து இருந்தவரை அங்கே பௌத்தத் தெய்வங்களுக்கு வழிபாடும், வழிப்போக்கருக்குத் தங்குமிடமும் இருந்தன. பஞ்சன் லாமா 1780-ல் மறைந்தார். 1795-ல் கொள்ளையர் மடத்தைத் தாக்கியபோது பூரண்கிரி உயிர் துறந்தார். போக்குவரத்து நின்றது; பிற்காலத்தில் அது சந்நியாசிகளின் மடமாக மட்டுமே எஞ்சியது.

நம் நாகப்பட்டினத்தின் கதை இன்னும் நெருங்கியது. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மன்னர் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மர் தம் தந்தையார் சூடாமணிவர்மர் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எடுத்தார். சைவராகிய முதலாம் இராசராச சோழர் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைத் தம் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி, பள்ளிச்சந்தமாக அளித்தார். இச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் ஹாலந்து நாட்டுக்குச் சென்று லெய்டன் பட்டயங்கள் என்னும் பெயரால் அறியப்பட்டன. கப்பலில் வந்த வேற்றூர் வணிகருக்கு வழிபட ஓர் இடம் வேண்டும் என்பதைச் சோழ மன்னர் உணர்ந்திருந்தார். அவ்விடம் சில நூற்றாண்டுகள் செழித்தது. 15-ஆம் நூற்றாண்டில் பெகு மன்னர் தம்மசேதி இலங்கைக்கு அனுப்பிய பிட்சுக்களில் சிலர், திரும்பும்போது கப்பல் உடைந்து, நடந்தே நாகப்பட்டினம் வந்து அங்கிருந்த புத்தர் திருவுருவை வணங்கினர் என்று பெகுவில் உள்ள கல்யாணிக் கல்வெட்டுக் கூறுகிறது. பர்மியருக்கும் நாகைக்கும் இருந்த உறவு இது.

பின்னர் வணங்குவோர் வருவது நின்றது. கடைசியில் எஞ்சியது மூன்று நிலைச் செங்கற் கோபுரம் ஒன்று. மாலுமிகள் அதைச் சீனப் பகோடா என்றனர். உள்ளூரார் புதுவெளிக் கோபுரம் என்றனர். அருகே கல்லூரி நடத்திய பாதிரிமார் அதை இடித்துக்கொள்ள அனுமதி கேட்க, 1867-ல் அரசாங்கம் இசைந்தது, கோபுரம் மறைந்தது. கல்கத்தாவில் பர்மியப் பகோடாவை நிறுத்தி ஏறக்குறைய பதினோராண்டுகளில் அதே ஆங்கில ஆட்சியில் நாகையின் பகோடா இடிக்கப்பட்டது. 1856 முதல் நாகப்பட்டினத்து மண்ணில் கிடைத்த ஏறக்குறைய 350 புத்தர் செப்புத் திருமேனிகளே இன்று சான்று கூறுகின்றன. அவற்றுட் சில சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

மறுதலையாகவும் ஒரு செய்தி உண்டு. பர்மாவின் பழைய தலைநகராகிய பகானில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டில் தமிழ் உரைநடை காணப்படுகிறது. மலைமண்டலத்து வணிகர் ஒருவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகரம் என்னும் திருமால் கோயிலுக்கு மண்டபமும், கதவும், எரியும் நந்தாவிளக்கும் அளித்தார் என்பது அதன் செய்தி. பௌத்தர் நாட்டில் திருமாலுக்கு விளக்கு; சைவர் நாட்டில் புத்தருக்கு விகாரை. வேற்றூரில் வாழ்வோர் ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாழ்ந்தமைக்கு இவை அடையாளங்கள்.

ஏரிக்கரையில் ஏற்றிய விளக்கு

நம் லேக் கார்டன்ஸில் இரயில் பாதைக்கு அப்பால் இருப்பது 1920-களில் நகர அபிவிருத்தி டிரஸ்டு வெட்டிய பெரிய ஏரி. 1958 முதல் ரவீந்திர சரோவர் எனப்படுவது. அதன் ஓரத்தில் ஜப்பானிய பௌத்தக் கோயில் ஒன்று உள்ளது. நிப்போன்சான் மியோஹோஜி என்னும் சங்கத்தை நிறுவிய நிசிதாத்சு பூஜி என்னும் துறவியால் 1935-ல் ஏற்பட்டது. அவர் 1933-ல் வார்தாவில் காந்தியடிகளைக் கண்டவர். காலையும் மாலையும் அங்கே பேரிகை முழங்கும். தாமரைச் சூத்திரத்துக்கு வணக்கம் என்னும் பொருளுடைய மந்திரம் ஒன்றே ஓதப்படும். காந்தியடிகளின் ஆசிரமப் பிரார்த்தனையிலும் அம்மந்திரம் இடம் பெற்றது.

ஈடன் தோட்டத்துக்குப் போய் வந்த சில நாட்களுக்குப் பின், அங்கே விளக்கு வைக்கலாம் என்று அப்பத்தாவிடம் சொன்னோம். "ஜப்பான்காரன் கோயிலா?" என்று கேட்டார்கள். கேட்ட குரலில் எண்பது ஆண்டுக் கோபம் இருந்தது. தம் தம்பியின் சாவுக்கு எவர் வீசிய குண்டு காரணமோ அவர் நாட்டுக் கோயிலில் விளக்கேற்றுவதா என்பதே அக்கேள்வி. நாம் வாதிடவில்லை. அக்கோயிலை நிறுவிய துறவி போருக்குப் பின் அணுகுண்டின் அழிவைக் கண்டு, உலகெங்கும் சமாதானத் தூபிகள் எழுப்பும் பணியில் ஈடுபட்டார் என்பதையும், முதல் தூபி 1954-ல் குமமோட்டோவிலும், 1969-ல் நம் நாட்டு இராஜகிருகத்திலும் எழுந்தன என்பதையும் மட்டும் சொன்னோம். இரண்டு நாள் கழித்து அப்பத்தாவே, "வாங்க, போய் வருவோம்" என்று புறப்பட்டார்கள்.

மாலை வழிபாட்டு நேரம். பேரிகை ஓசை நின்றபின் பிட்சுவிடம் விவரத்தை வங்காளியில் எடுத்துரைத்தோம். அவர் இசைந்து ஓரிடத்தைக் காட்டினார். அப்பத்தா தரையில் அமர்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, அகலில் எண்ணெய் வார்த்துத் திரியிட்டார்கள். எம் மகள் தீக்குச்சி கிழித்துக் கொடுத்தாள். எவர் பெயரால் என்று பிட்சு கேட்டார். "பேரு வைக்கலை. தம்பின்னுதான் கூப்பிட்டோம்" என்றார்கள் அப்பத்தா. நாம் அதை வங்காளியில் சொல்ல, அவர் தலைவணங்கி மீண்டும் பேரிகையைத் தொட்டார்.

அன்பர்களுக்கு

ப்ரோமிலிருந்து வந்த மரம் ஏற்க முடியாத விளக்கை, ஜப்பானிலிருந்து வந்த துறவியின் கோயில் ஏற்றது. அங்கே நாள்தோறும் வழிபடும் மனிதர் இருக்கின்றனர் என்பதே அதற்குக் காரணம். நம் சங்கத்துக்கும் இது பொருந்தும். கட்டட நிதி திரட்டுகிறோம், நல்ல காரியம். ஆயினும் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் வாராவிடில், இரண்டு தலைமுறைக்குப் பின் அக்கட்டடத்தின் முன் ஒரு சிறுமி நின்று, இது எவர் கட்டியது என்று கேட்க நேரும்.

இன்னொரு வேண்டுகோள். 1942-ல் நடந்து வந்தவர்களில் இன்று இருப்போர் அப்போது குழந்தைகள். அவர்களும் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டனர். 1962-க்குப் பின் பர்மாவில் ஏற்பட்ட இராணுவ ஆட்சியில் கடைகளும் தொழில்களும் தேசியமயமானபோது, ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர் கையில் இருந்ததோடு திரும்பினர். சென்னையில் பர்மா பஜார் அவர்களால் ஏற்பட்டதே. அவர்களிலும் பலர் முதுமை எய்திவிட்டனர். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ அத்தகைய பெரியவர் இருப்பின் ஒரு மாலைப்பொழுது அருகே அமர்ந்து, எந்த ஊர், எந்த வழி, யார் யார் உடன் வந்தனர், யார் வந்து சேரவில்லை என்று கேட்டு எழுதி வையுங்கள். நடந்த வழியின் பெயர்களைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். எழுதியதைச் சங்கத்துக்கு அனுப்பினால் ஒவ்வோர் இதழிலும் ஒன்றாக வெளியிடலாம் என்பது எமது கருத்து.

மார்கழி, தை மாதங்களில் கல்கத்தாவின் வெயில் இதமானது. அப்போது ஒரு விடுமுறை நாளில் காலையில் புறப்பட்டு, சுற்று இரயிலில் நதியைப் பார்த்துக்கொண்டு சென்று, பகோடாவைக் கண்டு, மாலையில் ஏரிக்கரைக் கோயிலின் வழிபாட்டுக்கு வந்து சேரலாம். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்ச் சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். இளையவர்கள் கேட்பதைத் தவிர்க்க முடியாது. ஆதலின் ஒரு பொட்டலம் வெங்காயப் பக்கோடாவும் இருக்கட்டும்.